சூரியனுக்கு முதுகைக் காட்டி

சென்னை திருவான்மியூர் கடற்கரைக்கு மாலையில் அழைத்து வரப்படும் வெளியூர் விருந்தாளி கேட்கும் முதல் கேள்வி, "சன்செட் எந்தப் பக்கம் தெரியும்?" என்பதுதான். பதில் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். வால்மீகி நகர் அடுக்குமாடிகளுக்குப் பின்னால், கலாக்ஷேத்ராவின் மரங்களுக்கும் அப்பால், வேளச்சேரிப் பக்கம் எங்கோ சூரியன் இறங்கிக்கொண்டிருக்கும். சோழமண்டலக் கரை கிழக்கு பார்த்தது. இங்கே சூரியன் கடலில் எழும், கடலில் விழாது. இந்த ஊரில் மேற்கைப் பார்த்து நிம்மதியாக வீற்றிருப்பவர் மருந்தீஸ்வரர் ஒருவர்தான். வெள்ளத்தால் கிழக்கு வாசலுக்கு வர முடியாமல் தவித்த அப்பைய தீட்சிதருக்காக அவர் மேற்கே திரும்பிக்கொண்டார் என்பது கோயிலில் சொல்லப்படும் கதை.

விருந்தாளியைக் கடலைப் பார்த்தே நிற்கச் சொல்லுங்கள். அஸ்தமனத்தின் அதிகம் பேசப்படாத பாதி கிழக்கு வானத்தில்தான் நடக்கிறது. மேற்கே கடல் உள்ள ஊர்களில் எல்லோரும் சூரியனையே வெறித்துக்கொண்டிருப்பதால் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நமக்கு அந்தக் கவனச் சிதறல் இல்லை.

முதலில் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. ஆனால் எல்லா நிறத்தையும் ஒரே அளவில் அல்ல. அலைநீளம் குறையக் குறையச் சிதறல் கடுமையாக ஏறுகிறது, அதுவும் நான்காம் அடுக்கில். 1871-இல் ராலே பிரபு கண்ட கணக்கு இது. 450 நானோமீட்டர் நீல ஒளி, 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறுகிறது. உச்சியில் சூரியன் இருக்கும்போது அதன் ஒளி காற்றைச் செங்குத்தாகக் கடந்து வருகிறது. தொடுவானத்தில் இருக்கும்போது அதைப்போல் 38 மடங்கு காற்றைக் கடக்க வேண்டும். அந்த நெடும்பயணத்தில் நீலம் வழியெங்கும் சிதறித் தீர்ந்துபோகிறது, நம்மிடம் வந்து சேர்வது மிச்சமிருக்கும் செம்மஞ்சள். வழியில் சிதறிப்போன நீலமும் வீணாகவில்லை. இன்னும் பகலாக இருக்கும் வேறு ஊர்களுக்கு அதுதான் நீல வானம்.

தூசியும் புகையும் இருந்தால்தான் அஸ்தமனம் அழகாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. பெரும்பாலும் அது தவறு. பெரிய துகள்கள் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடித்து வானத்தை வெளிறச் செய்துவிடும். போகியன்று காலை சூரியன் சிவப்பு வில்லையாகத் தெரியும் என்பது உண்மை, ஆனால் சுற்றியுள்ள வானம் சாம்பல்தான். ஐப்பசி கார்த்திகையில் ஒரு மழை அடித்து ஓய்ந்த மாலை வானத்தின் பக்கத்தில் அது நிற்காது.

இனி கிழக்கு. சூரியன் மறைந்த சில நிமிடங்களில் கடலின் விளிம்பை ஒட்டி, நீளவாக்கில், சிலேட்டு நிறத்தில் ஒரு பட்டை எழும். பார்ப்பவர்கள் தூரத்து மழைமேகம் என்றோ கடல்மூட்டம் என்றோ நினைத்துக்கொள்வார்கள். அது பூமியின் நிழல். நாம் நிற்கும் இந்தக் கோளத்தின் நிழல், எதிர்ப்பக்க வளிமண்டலத்தின் மீது விழுந்து நம் கண்ணெதிரே மேலேறுகிறது. அதன் தலைக்கு மேல் இளஞ்சிவப்பில் இன்னொரு பட்டை இருக்கும். அதை மேலைநாட்டார் வீனஸின் இடைக்கச்சு என்று சொல்கிறார்கள். மேற்கிலிருந்து நம் தலைக்கு மேலாகக் கடந்துபோன செவ்வொளி, கிழக்கு வானத்தில் பட்டுத் திரும்பி நம்மை நோக்கி வருவதுதான் அந்த ரோஜா நிறம். மேற்கே சூரியன் எவ்வளவு தாழ்கிறதோ, கிழக்கே நிழல் அவ்வளவு உயர்கிறது. சென்னை 13 பாகை அட்சரேகையில் இருப்பதால் இங்கே சூரியன் சாய்ந்து வழுக்காமல் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக இறங்கும். நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை. கால் மணி நேரத்தில் நிழலின் விளிம்பு கரைந்து வானத்தோடு கலந்துவிடும். பேல்பூரி வாங்கப் போய்விட்டு வந்தால் காட்சி முடிந்திருக்கும்.

பௌர்ணமியன்று இதே பட்டைகளுக்குள்ளிருந்து நிலா எழும். கன்னியாகுமரியில் சித்ரா பௌர்ணமியன்று ஒரே நேரத்தில் அஸ்தமனமும் நிலவெழுச்சியும் பார்க்கக் கூட்டம் அலைமோதும். சூரியனுக்கு நேர் எதிரே நிற்பதுதான் முழுநிலா என்பதால், அது எந்த மாதப் பௌர்ணமியிலும் அஸ்தமனத்தை ஒட்டித்தான் கிழக்கே எழுந்தாக வேண்டும். திருவான்மியூரில் ஆண்டுக்குப் பன்னிரண்டு முறையாவது, கட்டணமில்லாமல், கடலின் மேல் அது நடக்கிறது. தினமும் மாலையில் கடலோரம் எழும் அந்தச் சிலேட்டு நிழல்தான் சந்திர கிரகணத்தன்று நிலாவின் மேல் விழுவதும். 2026 மார்ச் 3-ஆம் தேதிக் கிரகணம் இதில் தனி வகை. சென்னையில் நிலா எழும் நேரத்தில் கிரகணம் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும்படி அமைந்தது அது.

இன்னொரு காட்சி எப்போதாவதுதான் கிடைக்கும். கிழக்கே கடலின் மேல் ஒரு புள்ளியிலிருந்து விசிறிபோல் ஒளிக்கதிர்கள் கிளம்புவது தெரியும், சூரியனோ முதுகுப்பக்கம். மேற்கே வெகுதொலைவில் நிற்கும் மேகங்கள் வெட்டி அனுப்பிய நிழல்களும் ஒளியும் நம் தலைக்கு மேலே இணையாகச் சென்று, தண்டவாளங்கள் தூரத்தில் கூடுவதுபோல, எதிர்த் தொடுவானத்தில் கூடுகின்றன. ஆடி ஆவணி மாலைகளில், உள்நாட்டில் இடிமேகங்கள் எழும் நாட்களில், இதற்கு வாய்ப்பு அதிகம்.

இந்தக் கரையின் வானம் ஒருமுறை விஞ்ஞான உலகத்தின் பேச்சாகவும் ஆகியிருக்கிறது. 1883 ஆகஸ்ட் இறுதியில் கிரகடோவா எரிமலை வெடித்தது. செப்டம்பரில் இலங்கையிலும் மதராஸிலும் சூரியன் பச்சையாகவும் நீலமாகவும் தெரிந்தது. அப்போது மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த மிச்சி ஸ்மித் அதைக் கவனித்துப் பதிவு செய்தார். பின்னாளில் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தை எழுப்பியவரும் அவரே. எரிமலை வீசிய துகள்கள் ஏறக்குறைய ஒரே அளவில், ஒளியின் அலைநீளத்தைவிடச் சற்றே பெரிதாக இருந்துவிட்டால் ராலேயின் கணக்கு தலைகீழாகும். சிவப்பு அதிகம் சிதறிப் போய், பச்சையும் நீலமும் நேரே வரும். அப்படி ஒரே அளவுத் துகள்கள் வாய்ப்பது மிக அபூர்வம்.

நீலம் என்று சொன்னதும் கடலின் நிறம் நினைவுக்கு வரும். வானத்தின் பிம்பம்தான் கடலின் நீலம் என்று ராலேயே எழுதியிருந்தார். அதை மறுத்தவர் நம்மவர். மெரினாவைப் பார்த்து நிற்கும் மாநிலக் கல்லூரியில் படித்த சர் சி.வி. ராமன், 1921-இல் இங்கிலாந்திலிருந்து நர்குண்டா கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலத்தைக் கண்டார். ஒரு நிக்கோல் பட்டகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நீர்ப்பரப்பில் பிரதிபலித்து வரும் வான ஒளியை விலக்கினார். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது, முன்பைவிட அழுத்தமாகவே. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று அவர் சொன்னார். அந்த இழையைப் பிடித்துக்கொண்டு போனதன் முடிவுதான் 1928 பிப்ரவரி 28-இல் கண்ட ராமன் விளைவும், 1930-இன் நோபல் பரிசும். சிதறலோடு உறிஞ்சலும் சேர்ந்தது என்பது இன்றைய புரிதல். தண்ணீர் சிவப்பை விழுங்கிவிடுகிறது. சில மீட்டர் ஆழத்துக்குள்ளேயே அது பெருமளவு தீர்ந்துவிடும். வெகுதூரம் ஊடுருவுவது 470 நானோமீட்டரை ஒட்டிய நீலம்.

திருவான்மியூர்க் கடல் நீலமாக இல்லையே என்றால், உண்மைதான். அலை கிளப்பும் மணலும், கூவமும் அடையாறும் கொண்டுவந்து சேர்ப்பவையும், நுண்பாசிகளும் கலந்து கரையோர நீர் பெரும்பாலும் பச்சையும் பழுப்புமாகத்தான் இருக்கும். நீலத்துக்கு ஃபைபர் படகில் ஏறிக் கொஞ்சம் உள்ளே போக வேண்டும்.

ஆனால் ஒரு ராத்திரி இந்தக் கரையோரமே நீலமாகப் பற்றிக்கொண்டது. 2019 ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை. திருவான்மியூர், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் என்று கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈசிஆர்) நெடுக அலைகள் உடையும் இடமெல்லாம் நீலமாக ஒளிர்ந்தன. செய்தி வாட்ஸ்அப்பில் பரவி, நள்ளிரவில் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் இறங்கி வந்தார்கள். ஈர மணலில் கால் வைத்தால் அடிச்சுவட்டில் பொறிகள். கையால் நீரைக் கலக்கினால் விரல்களைச் சுற்றி வெளிச்சம்.

அதைச் செய்தது நாக்டிலூகா சின்டிலன்ஸ் என்ற ஒற்றைச் செல் உயிரி. அரை மில்லிமீட்டர் முதல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வரை இருக்கும் உருண்டை, கூர்ந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியும். இதன் உடலின் பெரும்பகுதி வெறும் நீர்ப்பைதான். அதில் அம்மோனியம் அயனிகளைத் தேக்கி வைத்துக்கொண்டு கடல்நீரைவிட லேசாகி மிதக்கிறது. நீந்தத் தெரியாது. காற்றும் நீரோட்டமும் ஒதுக்கும் இடத்தில் திரளாகச் சேரும். மழைக்குப் பின் ஆற்றுவாய்களிலிருந்து நைட்ரஜனும் பாஸ்பரஸும் கடலில் இறங்கி, நுண்பாசிகள் பெருகி, அவற்றை மேய இதுவும் பெருகும்.

வெளிச்சம் உண்டாகும் விதம் வியப்பானது. செல்லின் ஓரத்தில் சின்டிலான் என்ற நுண் உறுப்புகள் இருக்கின்றன. உள்ளே லூசிபெரின் என்ற பொருளும், அதை எரியச் செய்யும் லூசிபெரேஸ் என்ற நொதியும். அலையோ, மீனோ, நம் காலோ செல்லின் சவ்வை நசுக்கினால் அதில் ஒரு மின்துடிப்பு பாய்கிறது; நம் நரம்பில் பாய்வது போன்றதே. துடிப்பு நீர்ப்பையைச் சுற்றி ஓடும்போது புரோட்டான்கள் சின்டிலானுக்குள் புகுந்து அங்கே அமிலத்தன்மையைக் கூட்டுகின்றன. நொதி விழிக்கிறது, லூசிபெரின் ஆக்சிஜனோடு சேர்கிறது, நீல ஒளி பிறக்கிறது. எல்லாம் நடந்து முடிய விநாடியில் பத்தில் ஒரு பங்குதான். சூடு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அந்த ஒளியின் நிறமும் 470 நானோமீட்டரை ஒட்டியதுதான். ராமன் கண்ட நீலத்தின் மறுபக்கம் இது. தண்ணீரில் வெகுதூரம் செல்லும் நிறம் எதுவோ, கடலில் விளக்கேற்றும் உயிர்களில் பெரும்பாலானவை அந்த நிறத்தையே தேர்ந்திருக்கின்றன.

ஏன் ஒளிர வேண்டும்? இதைத் தின்ன வரும் சிறு இறால் வகை ஜீவிகளைத் திடுக்கிட வைக்க என்பது ஒரு விளக்கம். இன்னொன்று கொஞ்சம் குறும்பானது. தின்ன வந்தவனைப் பெரிய மீனுக்குக் காட்டிக்கொடுக்கும் வேலை என்கிறார்கள் சில ஆய்வாளர்கள். இரண்டுக்கும் ஆய்வுச் சான்றுகள் உண்டு.

அழகு பார்த்தவர்கள் அதோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். கதையின் இன்னொரு பாதி மன்னார் வளைகுடாவில் இருக்கிறது. அதே 2019 செப்டம்பர், அக்டோபரில் மண்டபத்தை ஒட்டிய கடல் நாக்டிலூகாவால் பச்சையாகத் திரண்டது. அங்கே பெருகியது, தன்னுள்ளே பச்சைப் பாசியைக் குடிவைத்திருக்கும் வகை. திரள் மடிந்து அழுகியபோது நீரின் ஆக்சிஜன் வற்றியது. மீன்கள் செத்து ஒதுங்கின, தீவுகளைச் சுற்றிய பவளங்களும் மடிந்தன. கடல் ஒளிர்வதை நல்ல சகுனம் என்றோ கெட்ட சகுனம் என்றோ உடனே முடிவு கட்ட முடியாது. எவ்வளவு பெருகியது, எத்தனை நாள் தங்கியது, அந்த இடத்தில் நீரோட்டம் எப்படி என்று பார்த்தாக வேண்டும்.

இந்தக் கரையில் வெளிச்சத்தையே நம்பி உயிர் பிழைப்பவை வேறு சில. தை முதல் பங்குனி முடியும் வரை பங்குனி ஆமைகள் இங்கே முட்டையிட ஏறுகின்றன. உலகம் அவற்றை ஆலிவ் ரிட்லி என்று அறியும். ஒடிசாவின் கஹிர்மாதாவிலும் ருஷிகுல்யாவிலும் லட்சக்கணக்கில் ஒரே வாரத்தில் கூடி முட்டையிடும் இனம், சென்னையில் தனித்தனியாக, ஓரிரவுக்கு ஒன்றிரண்டாக வரும். முக்கால் மீட்டருக்குக் குறைவான ஓடு, 40 கிலோ அளவில் எடை. பின்துடுப்புகளால் குடுவை வடிவில் குழி பறித்து, நூற்றுக்கும் மேல் முட்டைகளை இட்டு, மூடி, மேலே உடம்பால் தட்டி இறுக்கிவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் கடலுக்குத் திரும்பிவிடும்.

அவற்றைத் தேடி மனிதர்கள் இந்த மணலில் நடக்கத் தொடங்கி அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. 1970-களின் தொடக்கத்தில் சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கரும், ஐஐடியில் படித்துக்கொண்டிருந்த சதீஷ் பாஸ்கரும் நண்பர்களும் இரவு நடையை ஆரம்பித்தார்கள். நாய்களுக்கும் முட்டை விற்பவர்களுக்கும் முன்னால் கூட்டைக் கண்டுபிடித்து, முட்டைகளை வேலியிட்ட பொரிப்பகத்துக்கு மாற்றுவதுதான் வேலை. பிறகு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சில ஆண்டுகள் அதை நடத்தின. 1988-இல் கார்த்திக் சங்கர் உள்ளிட்ட கல்லூரி மாணவர்கள் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர், பருவம் முழுக்க ஒவ்வோர் இரவும் அவர்கள் நடக்கிறார்கள். திருவான்மியூர் அந்தப் பாதையின் நடுவில் வருகிறது. நடப்பவர்கள் டார்ச்சை அதிகம் பயன்படுத்துவதில்லை. கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும், ஒரு செல்போன் திரை அதை ஒரே நொடியில் கெடுத்துவிடும். மணலில் கடலிலிருந்து ஏறி மீண்டும் கடலுக்கு இறங்கும் துடுப்புத் தடம் தெரிந்தால், குச்சியால் மெல்லக் குத்திப் பார்த்து, மண் இளகும் இடத்தில் கையால் தோண்டுவார்கள். முட்டைகளை உருட்டாமல், தாமதிக்காமல் மாற்ற வேண்டும். சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு முட்டை புரண்டால் கரு செத்துவிடும்.

45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் பொரியும். ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது. 29, 30 டிகிரியை ஒட்டிய ஓர் அளவுக்கு மேல் பெண்ணே அதிகம், கீழே ஆணே அதிகம். சென்னை வெயில் எந்தப் பக்கம் சாய்க்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பொரிந்த குஞ்சுகள் உடனே வெளியே வருவதில்லை. மேல்மணல் இன்னும் சூடாக இருந்தால் அதற்கடியிலேயே அசையாமல் காத்திருக்கும். மணல் ஆறினால் இரவு வந்துவிட்டது என்று பொருள். அப்போது எல்லாம் ஒன்றாகக் கிளம்பும்.

கிளம்பியவை கடல் எந்தப் பக்கம் என்று எப்படி அறிகின்றன? வாசனையோ அலையோசையோ அல்ல. முட்டை இருந்த குழியும் கடலும் ஒரே சரிவில் இருந்தால் சரிவு கொஞ்சம் உதவும். முதன்மையான வழிகாட்டி கண். டொராண்டோவின் நிக்கலஸ் மிரோசோவ்ஸ்கி 1960-களிலும் 70-களிலும் இதை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர். குஞ்சின் ஒரு கண்ணை மறைத்து மணலில் விட்டால் அது திறந்த கண்ணின் பக்கமாகவே வட்டமடித்தது. இரு கண்களிலும் விழும் வெளிச்சத்தைச் சரிசமமாக்கிக்கொண்டே அது நகர்கிறது என்று இதிலிருந்து தெரிந்தது. அகலத்தில் ஏறக்குறைய அரை வட்டம், உயரத்தில் தொடுவானை ஒட்டிய குறுகிய பட்டை. அதற்குள் எங்கே வெளிச்சம் அதிகமோ, எங்கே விளிம்பு தாழ்ந்திருக்கிறதோ, அங்கே போ. உயர்ந்து இருண்டு நிற்பதை விட்டு விலகு. குஞ்சின் விதி இவ்வளவுதான்.

லட்சக்கணக்கான ஆண்டுகளாக அது தவறாத விதி. நிலவில்லாத இரவிலும் கடல்பரப்பு நட்சத்திர ஒளியைத் திருப்பி அனுப்பும். தொடுவானம் தடையின்றித் திறந்திருக்கும். கரைப்பக்கம் மணல்மேடும் தாழையும் பனையுமாக உயர்ந்து இருண்டிருக்கும். கிழக்கே கடல், மேற்கே இருட்டு. சூரியன் மறையும் பக்கமே இரவு முழுவதும் இருண்டிருக்க வேண்டிய பக்கம். திருவான்மியூரில் இன்று அது தலைகீழ். மேற்கேதான் வெளிச்சம்: அடுக்குமாடி பால்கனிகள், தெருவிளக்குகள், உயர்கோபுர மின்விளக்குகள், ஈசிஆர் உணவகங்கள். நட்சத்திர ஒளியில் தரையில் விழும் வெளிச்சம் ஆயிரத்தில் ஒரு லக்ஸ் அளவு. பௌர்ணமி நிலா தருவதும் கால் லக்ஸ் அளவுதான். ஒரு சாதாரணத் தெருவிளக்கின் கீழே பத்து, இருபது லக்ஸ். குஞ்சு விதியை மீறவில்லை, விதிப்படியேதான் சாலைக்குப் போகிறது. காலையில் சக்கரங்களில் நசுங்கியோ, காக்கைகளுக்கு இரையாகியோ, வெயிலில் காய்ந்தோ கிடக்கும்.

விளக்கின் நிறமும் சேர்ந்துகொள்கிறது. ஆமைகளின் கண் நீலம், பச்சை, புறஊதாவின் விளிம்பு ஆகியவற்றுக்குக் கூர்மையானது. கடலுக்குள் கிடைக்கும் ஒளிக்கு ஏற்ற கண் அது. சிவப்பு அதற்கு மங்கல். சென்னைத் தெருக்களில் முன்பு எரிந்த சோடியம் விளக்கின் மஞ்சள் 589 நானோமீட்டரை ஒட்டியது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அவற்றின் இடத்தை வெள்ளை எல்.இ.டி. பிடித்துக்கொண்டது. வெள்ளை எல்.இ.டி. என்பது அடிப்படையில் 450 நானோமீட்டர் நீல விளக்கு. அதன் மேல் பூசிய பொருள் கொஞ்சம் நீலத்தை மஞ்சளாக மாற்றுவதால் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. மின்சாரம் மிச்சம், உண்மை. ஆனால் மிஞ்சி வரும் அந்த நீலம் ஆமையின் கண்ணுக்கு நேரே இலக்கு. அதோடு ராலேயின் நான்காம் அடுக்கு இங்கேயும் வேலை செய்கிறது. 450-க்கும் 589-க்கும் கணக்குப் போட்டால், அந்த நீலம் சோடியம் மஞ்சளைவிடக் காற்றில் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் சிதறும். அதாவது விளக்கு நேரே தெரியாத இடத்திலும், நகரத்துக்கு மேலே மேற்கு வானம் முழுக்க வெளிர் ஒளி பரவும். மாலையில் சூரியனைச் சிவப்பாக்கிய கணக்கு, இரவில் சென்னையின் வானத்தை வெளுக்கிறது.

இதற்கான வைத்தியம் கடினமானதல்ல என்பதுதான் எனக்கு எரிச்சல். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஆமைக் கரைகளுக்கு மூன்று நிபந்தனைகள்: விளக்கு தாழ்வாக இருக்க வேண்டும், கடற்பக்கம் தெரியாதபடி மறைப்பு இருக்க வேண்டும், அலைநீளம் 560 நானோமீட்டருக்குக் குறையக் கூடாது. அதாவது செம்மஞ்சளும் சிவப்பும் மட்டும். பருவத்தில் கடற்கரை உயர்கோபுர விளக்குகளை இரவில் அணைக்க வேண்டும் என்று இங்கேயும் தன்னார்வலர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறார்கள். சில ஆண்டுகளில் அணைக்கப்பட்டும் இருக்கிறது. முழு இரவுகூட வேண்டாம். கூட்டம் கலைந்த பின் பதினோரு மணியிலிருந்து விடியும் வரை, ஜனவரியிலிருந்து மே வரை என்றாலே பாதி வேலை முடியும். தனியார் வீட்டு மாடி விளக்கில்தான் பேச்சுவார்த்தை நீளும்.

வெளிச்சம் ஒன்றுதான் பிரச்சினை என்று சொன்னால் கதை பொய்யாகிவிடும். 2025 ஜனவரியில் தமிழகக் கரையில், பெரும்பாலும் சென்னையையும் சுற்றியுள்ள கடற்கரைகளையும் ஒட்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வளர்ந்த ஆமைகள் செத்து ஒதுங்கின. உடற்கூறாய்வில் மூச்சுத்திணறி இறந்ததற்கான அடையாளங்கள் தெரிந்தன. ஆமைக்கு நுரையீரல்தான், செவுள் இல்லை. விசைப்படகின் இழுவலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் நீரிலேயே மூழ்கிச் சாகும். வலையின் கழுத்தில் பொருத்தும் ஆமை விலக்குக் கருவி என்ற கம்பிச் சட்டம் பல நாடுகளில் கட்டாயம். இறால் அதன் இடைவெளியில் உள்ளே போய்விடும், ஆமை மோதி மேலே உள்ள வாசல் வழியாக வெளியேறும். இனப்பெருக்க வயதை எட்டப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் பிடிக்கும் ஒரு விலங்கில், வளர்ந்த பெண் ஒன்றின் இழப்பை ஈடுகட்ட ஒரு கூட்டின் குஞ்சுகள் முழுவதையும் பத்திரமாகக் கடலில் விட்டாலும் போதாது. ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றுதான் பெரிதாகும் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

விருந்தாளியிடம் மிச்சத்தையும் சொல்லிவிடலாம். பூமியின் நிழலுக்கு மழை ஓய்ந்த, மூட்டமில்லாத மாலை வேண்டும். நவம்பரில் 5.40-க்கே சூரியன் போய்விடும், ஜூலையில் 6.40 ஆகும். கடல் ஒளிர்வதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. தென்பட்டது என்று செய்தி வந்தால் உயர்கோபுர விளக்குகளிலிருந்து தள்ளி, கொட்டிவாக்கம் பக்கமாக நடந்துபோய்ப் பார்ப்பது நல்லது. ஆமை நடைக்குப் பருவத்தில் பொதுமக்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். வெளிர் நிறச் சட்டையும், கேமரா ஃபிளாஷும், எட்டிப் பார்க்க ஓடும் அவசரமும் வேண்டாம். முட்டையிட ஏறும் ஆமை ஒரு வெளிச்சம் அசைந்தாலும் திரும்பிக் கடலுக்குப் போய்விடும், இட்டு முடிக்கும் வரை பின்னால் நின்று காத்திருக்க வேண்டும். தெருவில் குஞ்சு ஒன்றைக் கண்டால் தண்ணீர் வாளியில் போட்டு வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாது. உலர்ந்த டப்பாவில் ஈர மணலோடு வைத்து, இருட்டான கரையில், அலை தொடும் இடத்துக்குச் சற்று மேலே இறக்கிவிட்டால் மீதித் தூரத்தை அது தானே நடந்துகொள்ளும். அலைக்குள் இறங்கியதும் அதற்கு வெளிச்சத்தின் தேவை பெரிதும் குறைந்துவிடும். வரும் அலைக்கு நேர் எதிரே நீந்து என்பது அடுத்த விதி. கரை பின்னுக்குப் போன பிறகு பூமியின் காந்தப்புலம் திசை காட்டுகிறது.